மகப்பேறு நிதியுதவி: நாள் தள்ளியது முதல் கடைசித் தவணை வரை

என் மகளுக்கு இப்போது ஒன்றேகால் வயது. நான் கருவுற்ற நான்காம் மாதம் வந்திருக்க வேண்டிய 6,000 ரூபாய், அவள் பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. நடுவில் வங்கிக்கு நான்கு நடை. எட்டு மாத வயிற்றோடு இரண்டு பஸ் மாறி வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு நடை. பேரீச்சம்பழமும் முட்டையும் வாங்கிச் சாப்பிட வேண்டிய மாதங்களுக்கு என்று அரசு கொடுக்கும் பணம், அந்த மாதங்கள் தாண்டி வந்தால் என்ன பயன்? உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். பிரசவம் அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும்.

1. எவ்வளவு, எப்போது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மொத்தம் 18,000 ரூபாய் என்பார்கள். அதில் ரொக்கம் 14,000. மீதி 4,000 ரூபாய்க்கு, 2,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு, பொருளாகவே தருவார்கள்.

ரொக்கம் இப்போது மூன்று தவணை. கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000. குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000. குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து தடுப்பூசி போட்டதும் 2,000. பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும்.

உங்கள் அண்ணியோ நாத்தனாரோ "ஐந்து தவணை, முதலில் 2,000தான் வரும்" என்று சொன்னால் அவர்கள் சொல்வது 2018 முதல் இருந்த பழைய முறை. 2024இல் அதை மூன்றாக்கிவிட்டார்கள். மொத்தத் தொகை மாறவில்லை.

இன்னொன்று. மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டப் பணம் தனியாக 5,000 வரும் என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது இந்தத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. "அதுக்குத் தனியாக அப்ளை பண்ணித் தருகிறேன், 300 ரூபாய் கொடுங்கள்" என்று பிரவுசிங் சென்டரில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணம் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

2. "மூணு மாசம் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள்

நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். என் மாமியாரும் அதைத்தான் சொன்னார். ஆனால் திட்டத்தின் விதி 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது. அந்த 12 வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படும். நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு பார்க்கும்போதே நான்கைந்து வாரம் ஓடியிருக்கும். மீதி இருப்பது ஏழெட்டு வாரம்தான்.

பரிசோதனையில் தெரிந்த வாரமே உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். நகரத்தில் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் தெருவுக்கு யார் செவிலியர் என்று கேளுங்கள். ஊரில் நர்சம்மா என்றாலே தெரியும். அவரிடம் மட்டும் சொன்னால் போதும், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாது. என் மாமியாரிடம் இதை விளக்கியதும் அவரே கூட வந்தார்.

வெளியே போக முடியாத நிலையில் இருந்தால், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் பிக்மி இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம், 102க்கு அழைத்தும் சொல்லலாம். ஆனால் அப்போது கிடைப்பது முன்பதிவு எண் மட்டும். நர்சம்மா சரிபார்த்த பிறகுதான் உங்கள் கர்ப்பத்துக்கான அடையாள எண்ணான 12 இலக்க ஆர்.சி.எச். எண் உருவாகும். முன்பதிவு எண்ணை வைத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால் மூன்றாம் மாதம் தாண்டிவிடும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது.

ஆர்.சி.எச். எண் கிடைத்த அன்றே அதைத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் பணத்துக்கு மட்டுமில்லை, பிரசவத்தின்போதும் கேட்பார்கள், குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் கேட்பார்கள்.

கடைசி மாதவிலக்குத் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். நினைவில்லாமல் ஏதோ ஒரு தேதி சொன்னால் நான்காம் மாதம் எது, பிரசவத் தேதி எது என்று எல்லாமே தள்ளிப்போகும்.

3. வங்கிக் கணக்கு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

நான் பட்டது இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நான் நர்சம்மாவிடம் கொடுத்தது, கல்யாணத்துக்குப் பிறகு திறந்து தினமும் பயன்படுத்தும் கணக்கின் பாஸ்புக். ஐந்தாம் மாதம் ஆகியும் பணம் வரவில்லை. கேட்டால், "போட்டாச்சுன்னு காட்டுதும்மா" என்று அவர் தன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. என் பாஸ்புக்கில் ஒரு ரூபாய் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பணம் போனது வேறு கணக்குக்கு. கல்லூரியில் படிக்கும்போது உதவித்தொகைக்காக ஒரு வங்கியில் கணக்கு திறந்திருந்தேன். அப்போது ஆதாரை அதோடு இணைத்தது. படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கையே மறந்துவிட்டேன், அதில் கொடுத்த சிம்மும் இப்போது இல்லை. அதனால் குறுஞ்செய்தியும் வரவில்லை. அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் அப்படி இணைந்திருக்கும். நாம் பாஸ்புக் நகல் எதைக் கொடுத்தோம் என்பது அப்புறம்தான்.

அதனால் பதிவு செய்யும் முன்பே இதைச் செய்யுங்கள். ஆதாரின் இணையதளத்தில், 'மை ஆதார்' பகுதியில் உள்ளே நுழைந்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது, அந்த இணைப்பு செயல்பாட்டில் இருக்கிறதா என்று காட்டும். ஆதாரில் இருக்கும் போன் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். பழைய வங்கி காட்டினால், இப்போது பயன்படுத்தும் வங்கிக் கிளைக்குப் போய் "மானியம் வருவதற்கு ஆதாரை இந்தக் கணக்கோடு இணைக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். "கே.ஒய்.சி.க்கு ஆதார் கொடுத்திருக்கிறீர்களே, போதும்" என்று கவுன்ட்டரில் சொல்லலாம். அது போதாது. கணக்குக்கு அடையாளமாக ஆதார் கொடுத்திருப்பது வேறு, மானியத்துக்காக இணைப்பது வேறு. இணைத்து ஒரு வாரம் கழித்து இணையதளத்தில் மறுபடி பாருங்கள்.

அவசரமாக ஒரு கணக்கு வேண்டும் என்றால் தபால்காரரிடம் சொல்லி அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு திறக்கலாம். ஆதாரும் போனும் இருந்தால் போதும், குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை.

மற்ற சிக்கல்களும் உண்டு.

கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். கணவர் கணக்கு, மாமியார் கணக்கு ஆகாது.

இனிஷியல். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், வங்கியில் கணவரின் இனிஷியல் என்று நம் பெண்கள் பாதிப் பேருக்கு இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நிராகரித்துவிடலாம். ஆதாரை மாற்றுவதைவிட வங்கியில் ஆதாரில் உள்ளபடி மாற்றுவது சுலபம், செலவும் இல்லை. ஆதாரில்தான் திருத்த வேண்டும் என்றால் 75 ரூபாய். 2025 அக்டோபருக்கு முன் இது 50 ரூபாயாக இருந்தது.

பழைய பாஸ்புக். வங்கிகள் இணைந்த பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கும். பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019இல் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. விஜயா, சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன், லட்சுமி விலாஸ் என்று அச்சிட்ட பாஸ்புக் வைத்திருந்தால் கிளைக்குப் போய்ப் புதியது வாங்கி, அந்த முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள்.

இரண்டு வருடமாகப் பணம் போடாமல் எடுக்காமல் கிடக்கும் கணக்கை வங்கி செயலற்றதாக ஆக்கிவிடும். அதை உயிர்ப்பிக்க ஆதார், பான் அட்டை, ஒரு புகைப்படம் கொண்டுபோங்கள். இதற்குக் கட்டணம் கேட்கக்கூடாது. என் 6,000 ரூபாய் அப்படிக் கிடந்த கணக்கில்தான் இருந்தது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்த்தான் எடுத்து வந்தேன்.

4. ஒரே பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

உங்கள் ஆதார், கணவர் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு. எல்லாவற்றிலும் மூன்று நகல். கர்ப்பத்தை உறுதிசெய்த பரிசோதனைச் சீட்டு அல்லது ஸ்கேன் அறிக்கை இருந்தால் அதுவும்.

எங்களிடம் குடும்ப அட்டை நகலே போதும் என்றார்கள். வருமானச் சான்று கேட்டால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கையில் வர சில நாள் ஆகும், அதனால் கேட்ட அன்றே போங்கள்.

கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்தவர்களுக்கு ஆதார் முகவரி அம்மா வீட்டு முகவரியாகவே இருக்கும். அதற்காகப் பதிவு செய்யாமல் திருப்பி அனுப்பினால், இப்போது குடியிருக்கும் முகவரியில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

5. மாதப் பரிசோதனையும் பெட்டகமும்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை. உங்கள் ஊரில் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா மாதமும் 9ஆம் தேதி பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் மருத்துவரே பார்க்கும் முகாம் இருக்கும். தனியாரில் காட்டுபவர்கள்கூட அன்றைக்கு வரலாம்.

நீங்கள் தனியாரில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை செய்தால் அந்த அறிக்கையை எடுத்துப்போய் நர்சம்மாவிடம் பதியச் சொல்லுங்கள். நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதாது, பிக்மியில் ஏறியிருக்க வேண்டும். ஏறாதது நடக்காதது மாதிரிதான். நான் ஒவ்வொரு தடவையும் "அக்கா, ஏத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அவர் ஒருநாளும் கோபப்படவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளைப் பார்க்கும் வேலை, விட்டுப்போவது இயற்கை.

பெட்டகத்தில் சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், ஒரு கிலோ பேரீச்சம்பழம், அரை கிலோ ஆவின் நெய், புரத பிஸ்கட், குடற்புழு மாத்திரை, கப், துண்டு இருக்கும். வாங்கிய இடத்திலேயே திறந்து பாருங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். இருப்பு இல்லை என்று சொன்னால் எப்போது வரும் என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெட்டகத்தை வீட்டில் எல்லோரும் பங்குபோட வேண்டாம். அது உங்களுக்கு வந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சோகை. எனக்கு ஐந்தாம் மாதம் 9.4 இருந்தது, எட்டாம் மாதம் 11.2 ஆனது. மாத்திரையையும் அந்தப் பேரீச்சம்பழத்தையும் ஒருநாள் விடாமல் சாப்பிட்டேன்.

6. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது

இதில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பதிவு மாமியார் ஊரில், பிரசவம் அம்மா ஊரில், குழந்தையின் முதல் மூன்று ஊசியும் அம்மா ஊரில். பணத்துக்குப் பரிந்துரைக்க வேண்டியவர் மாமியார் ஊர் நர்சம்மா. அவருக்கு உங்கள் பிரசவம்கூடத் தெரியாது என்றால் இரண்டாம் தவணை எப்படி நகரும்?

கிளம்பும் முன் நர்சம்மாவிடம் எந்த ஊர், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொல்லி, அவர் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா ஊருக்குப் போன வாரமே அங்கே உள்ள நர்சம்மாவைப் பார்த்து ஆர்.சி.எச். எண்ணைக் காட்டுங்கள். அங்கே புதிதாக இன்னொரு பதிவு போட விடாதீர்கள். இரண்டு பதிவு இருந்தால் இரண்டுமே சிக்கும். பிரசவம் ஆனதும், ஒவ்வொரு ஊசி போட்டதும், அட்டையைப் படம் எடுத்து முதல் நர்சம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

7. பிரசவத்தின்போது

வலி வந்தால் 108. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ சிசேரியனோ மருந்து, ரத்தம், பரிசோதனை, சாப்பாடு எல்லாம் இலவசம். வீடு திரும்ப 102 வண்டி இலவசம். குழந்தைக்கு 16 பொருள் கொண்ட பெட்டகம் தருவார்கள். வார்டில் யாராவது "சந்தோஷத்துக்குக் கொடுங்க" என்று கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வற்புறுத்தினால் 104 சுகாதார உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன், மருத்துவமனைப் பிரசவத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் தரும் ஜனனி சுரக்ஷா பணத்தைக் கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் கிராமத்தில் 700, நகரத்தில் 600 ரூபாய். இது 14,000இல் சேராது, தனி.

டிஸ்சார்ஜ் சீட்டில் உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, ஆர்.சி.எச். எண் சரியா என்று படுக்கையிலிருந்தே பாருங்கள். 12 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் பிறப்புச் சான்றிதழ் முதல் பணம் வரை எல்லாம் நிற்கும். பிறப்பை 21 நாளுக்குள் பதிவது இலவசம். குழந்தைக்குப் பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு நடக்கட்டும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

8. தடுப்பூசியும் மீதி இரண்டு தவணையும்

பிறந்ததும் போடுவது போக, 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை. மூன்றாவது முறை முடிந்தால் இரண்டாம் தவணை 6,000. ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அதன் பிறகு கடைசி 2,000.

'வலியில்லாத ஊசி' என்று தனியாரில் போடுபவர்கள், போட்ட அட்டையைக் கொண்டுபோய்க் காட்டிப் பதிய வைக்க வேண்டும். அரசில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி இலவசம், காய்ச்சல் ஒருநாள் வரும், அவ்வளவுதான். நான் மூன்றையும் அரசிலேயே போட்டேன்.

ஒன்பதாம் மாத ஊசியை 270 நாள் முடிவதற்கு முன் போட்டால் கணக்கில் வராது. குழந்தை பிறந்த தேதியோடு 9 மாதம் கூட்டி அட்டையில் குறித்து வையுங்கள்.

9. பணம் வரவில்லை என்றால்

நான்காம் மாதம் முடிந்து ஒரு மாதம் பொறுக்கலாம். சில சமயம் நிதி வந்ததும் மொத்தமாகப் போடுவார்கள். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

முதலில் நர்சம்மாவிடம் நிலை என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். இன்னும் ஏற்றவில்லை என்றால் அவரே செய்துவிடலாம். நிராகரிப்பு என்றால் காரணம் என்ன, பெயரா கணக்கு எண்ணா என்று எழுதி வாங்குங்கள். போட்டாச்சு என்று காட்டினால் மேலே 3இல் சொன்னபடி எந்த வங்கிக்குப் போனது என்று தேடுங்கள்.

அங்கே தீராவிட்டால் வட்டார ஆரம்ப சுகாதார நிலையம். வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், ஆர்.சி.எச். எண், ஆதார் நகல், பாஸ்புக் நகல் இணைத்து, இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுத்ததற்கு அடையாளமே இல்லை. எனக்கு முதல் நடை வீணானது அதனால்தான். இரண்டாம் நடையில்தான் எந்த வங்கிக்குப் பணம் போனது என்று தெரிந்தது. அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகம், முதல்வரின் முகவரி உதவி எண் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் என்று இந்த வரிசையில் போங்கள். 1100இல் கொடுத்தால் மனு எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும், அதை அழிக்காதீர்கள்.

"மகப்பேறு பணம் ஏறியிருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் பெயர், குழந்தை பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னாலும் வைத்துவிடுங்கள். இந்தப் பணத்துக்கு யாரும் போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை. கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் உங்கள் நர்சம்மாதான் கேட்பார், அவர் எண் உங்களிடம் இருக்கிறது.